பொருந்தவில்லை என்று சொன்னார்கள்

இருபத்தெட்டு வருடங்களாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன். சொந்தக் கார். முன்னும் பின்னும் எல் பலகை, என் காலடியில் தனியாக ஒரு பிரேக். அடுத்தவர் கையில் உயிரைக் கொடுத்துவிட்டு முகத்தை மட்டும் சாதாரணமாக வைத்துக்கொள்வதுதான் தொழில். இந்த இருக்கையிலிருந்து பார்த்ததை வைத்து ஒன்று சொல்வேன். பையன் தனியாக ஓட்டும்போது ஒரு ஆள். பின்னால் அவனுடைய கூட்டாளி ஏறிவிட்டால் வேறு ஆள். எதிரே பஸ் வருவது தெரிந்தும் வலது பக்கம் திருப்பப் பார்ப்பான். பெண்கள் இருவர் ஏறினால் கதை வேறு. பின்னால் இருப்பவள், "பாத்து, பாத்து, பஸ் வருது" என்பாள். ஓட்டுகிறவள் இன்னும் மெதுவாகப் போவாள். பெண்கள் சேர்ந்தால் கண்கள் கூடும், ஆண்கள் சேர்ந்தால் மூளை குறையும் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. விதிவிலக்கும் உண்டு. ஒரு நர்ஸ் பெண் முதல் பாடத்தில் என் காலை பிரேக்கிலிருந்து எடுக்கவே விடவில்லை.

இந்த ஞானமெல்லாம் அடுத்தவர்களைப் பற்றியது. என்னை நான் தெரிந்துகொள்ள ஐம்பத்தெட்டு வயதாக வேண்டியிருந்தது.

நாங்கள் உடன்பிறந்தவர்கள் மூன்று பேர், ஒரே ஊரில் வெவ்வேறு பேட்டைகளில். நான் மூத்தவன், புக்கிட் மேராவில் இருக்கிறேன். அடுத்தவள் தங்கை, குவீன்ஸ்டவுனில். கடைசி தம்பி, சுவா சூ காங்கில். தங்கை ஒரு தொடக்கப்பள்ளி அலுவலகத்தில் கிளார்க். "எதுக்கு வம்பு?" என்பது அவளுடைய தாரக மந்திரம். சாலையில் கண்ணுக்கெட்டிய தூரம் வண்டியே இருக்காது. சிக்னலில் பச்சை மனிதன் வரும்வரை அவள் கடக்க மாட்டாள். ரொட்டிப் பொட்டலத்தில் தேதி பார்ப்பாள். வீட்டைப் பூட்டிவிட்டு லிஃப்ட்வரை போனவள், கேஸ் அடைத்தோமா என்று திரும்பி வருவாள். வானம் பளிச்சென்று இருக்கும், பையில் குடை இருக்கும். ஒரு காலத்தில் அவளுக்கும் நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தேன். எட்டுப் பாடங்களில் தலைவலி வந்தது எனக்கு. அம்புக்குறி இல்லாத சிக்னலில் வலது பக்கம் திரும்ப வேண்டுமென்றால், எதிரே சாலை முழுக்கக் காலியாக வேண்டும் அவளுக்கு. பின்னால் ஹாரன் அடித்தே தீர்த்தார்கள். "போ, போ, இது கேப் இல்லையா? ஒரு லாரியே போகலாம்" என்று கத்தினேன். "எதுக்கு வம்பு?" என்றாள். ஒன்பதாம் பாடத்துக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

நான் அப்படி இல்லை என்பது ஊரறிந்த விஷயம். பதினாறு வருடம் தொடர்ந்து தீ மிதித்தவன். தேக்காவில் சின்ன வயதிலிருந்து பழகிய செட் ஒன்று உண்டு எங்களுக்கு, மொத்தம் ஒன்பது ஆண்கள். ஐப்பசியில் தீமிதி. அதற்குமுன் காப்புக் கட்டி, கவுச்சியை விட்டு, தரையில் படுத்து, அன்றைக்கு மஞ்சள் வேட்டியோடு தேக்காவிலிருந்து கூட்டமாக நடந்துபோய்க் குழியில் இறங்குவோம். இங்கே குழியில் நடப்பது ஆண்கள் மட்டும்தான். பெண்கள் பால்குடம் எடுப்பார்கள், விழுந்து எழுந்து கும்பிடுதண்டம் போடுவார்கள், கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று எங்களுக்காகக் கண்ணை மூடிக்கொள்வார்கள். என் தங்கை ஒவ்வொரு வருடமும் வந்து நிற்பாள், கையில் தண்ணீர் பாட்டிலும் தீப்புண் களிம்பும் இருக்கும். பதினாறு வருடமும் அந்தக் களிம்பைப் பார்த்து நாங்கள் சிரித்தோம்.

யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் குழிக்கு முன்னால் நின்றபோது திரும்பி ஓடிவிடத்தான் நினைத்தேன். பின்னால் எட்டுப் பேர் நின்றார்கள். மேளம், கோவிந்தா சத்தம், முதுகில் ஒரு கை. கால் தானாகப் போய்விட்டது. அடுத்த பக்கம் பால்குழியில் கால் வைத்ததும் உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது. பக்தி இல்லை என்று சொல்லவில்லை, இருந்தது. ஆனால் யாருமில்லாத இடத்தில் அந்தக் குழியைக் காட்டி, "இஷ்டமிருந்தா இறங்குங்க, இல்லாட்டி வீட்டுக்குப் போங்க" என்று சொல்லியிருந்தால் எங்கள் ஒன்பது பேரில் எத்தனை பேர் இறங்கியிருப்போம் என்பது எனக்குத் தெரியாது. நான் இறங்கியிருக்க மாட்டேன். கும்பலோடு கோவிந்தா என்று சும்மாவா சொன்னார்கள்?

தம்பிக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போய்க்கொண்டிருந்தான். போகும்போது ஒரு மனிதன், வரும்போது பிழிந்த துணி. நாற்பத்தொன்பது வயதில் எல்.ஆர்.டி. ரயில் நிலையப் படிக்கட்டில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவான். சொந்தக்காரர் யாராவது ஒன்றைக் கொடுத்தால் நல்லது, காத்திருப்புப் பட்டியல் நீளம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவன் மனைவிக்குச் சர்க்கரை, அவளை எடுத்த எடுப்பிலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள், அவளிடம் கேட்கவே அவன் விடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் எல்லாரும் கூடினோம். யாரும் வாயைத் திறக்கவில்லை. மீகோரெங் நூடுல்ஸ் தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

"என்னோடத எடுத்துக்கடா" என்றேன். "ரெண்டு இருக்கு, எனக்கு ஒன்னு போதும். நெருப்புலயே நடந்தவன்டா நானு. இதெல்லாம் ஒரு மேட்டரா?"

தம்பி மனைவி அழுதுவிட்டாள். தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டான். தங்கை மட்டும், "அண்ணே, மொதல்ல டாக்டர்கிட்ட என்ன ஏதுன்னு கேட்டுட்டு அப்புறம் சொல்லலாம்ல?" என்றாள்.

"உனக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றேன். "துணிஞ்சவனுக்குத் துக்கமில்ல. போவியா."

அன்று மாலைக்குள் எங்கள் செட்டின் வாட்ஸ்அப்பில் செய்தி போட்டுவிட்டேன். எட்டுப் பேரும் கை கூப்பினார்கள், நெருப்புப் படம் போட்டார்கள். "சிங்கம்லா நீ" என்று ஒருவன் குரல்பதிவே அனுப்பினான். அதை மூன்று தடவை கேட்டேன், பொய் சொல்வானேன்.

பிறகு பரிசோதனைகள். ரத்தம், மூத்திரம், ஸ்கேன், டிரெட்மில்லில் நடை. எல்லாம் நன்றாக இருந்தது. ரத்த வகை சேர்ந்தது. இந்த வயதுக்கு நல்ல உடம்பு என்று டாக்டர் பாராட்டினார். நான் உள்ளூர எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது, ஏதாவது ஒரு குறை, கொஞ்சம் சர்க்கரை, கொஞ்சம் அழுத்தம். ஒன்றும் வரவில்லை. அறுவை சிகிச்சையில் என்னென்ன ஆகலாம் என்று டாக்டர் ஒவ்வொன்றாகச் சொல்லி, இத்தனை பேரில் ஒருவருக்கு என்று ஓர் எண்ணும் சொன்னார். சின்ன எண்தான். தீக்குழிக்கு யாரும் எண் சொன்னதில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த அறை. கொடுப்பவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது அங்கே வழக்கம். மனைவியோ தம்பியோ யாரும் கூட வரக்கூடாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி. எதிரே முப்பது வயதுகூட இருக்காத ஒரு தமிழ்ப் பெண், தானம் கொடுப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி. கதவைச் சாத்தினாள்.

"அங்கிள், வீட்ல யாராச்சும் ஃபோர்ஸ் பண்றாங்களா?" என்றாள்.

"என்னையா? என்னை யாரும்மா ஃபோர்ஸ் பண்ண முடியும்?"

"ஓகே. ஆனா எல்லாருக்கும் இத சொல்லணும் அங்கிள். எப்ப வேணாலும் நீங்க வேணாம்னு சொல்லலாம். ஆப்பரேஷன் தியேட்டர் வாசல்லகூட சொல்லலாம். சொன்னீங்கன்னா காரணத்த யாருக்கும் சொல்ல மாட்டோம். உங்க தம்பிகிட்டயும் சொல்ல மாட்டோம். இவரோடது பொருந்தலன்னு மட்டும்தான் வீட்ல சொல்வோம். யாரும் உங்கள தப்பா நினைக்க மாட்டாங்க."

குளிர்சாதனம் ஓடும் சத்தம் கேட்டது. மேளம் இல்லை, எட்டுப் பேர் இல்லை, முதுகில் கை இல்லை. அந்தப் பெண் அவசரப்படுத்தவே இல்லை, பேனாவைக்கூட எடுக்கவில்லை. தம்பி படிக்கட்டில் உட்கார்ந்திருப்பது ஞாபகம் வந்தது. அதே நேரத்தில் என் இடது விலாவுக்குக் கீழே, இதுவரை இருப்பதே தெரியாத ஓர் இடம், கத்தி பட்ட மாதிரி வலித்தது. பயம்தான். வேறு பெயர் வைக்க முடியாது. வீட்டில் சின்ன மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை, வேலை நின்றுபோகும், முதுகு ஏற்கெனவே சரியில்லை என்று மனம் வக்கீல் மாதிரி பேசிக்கொண்டே போனது. வக்கீல் சொன்னது எதுவும் பொய்யில்லை. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதெல்லாம் அப்படியேதான் இருந்தது.

"வேணாம்மா" என்றேன்.

அந்தப் பெண் தலையசைத்தாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. "பரவால்ல அங்கிள், தைரியமா சொன்னதுக்குத் தேங்க்ஸ்" என்றாள். தைரியமாம். டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்திவைத்தாள்.

மறுவாரம் மருத்துவமனையிலிருந்து தம்பிக்குத் தகவல் போயிற்று. அண்ணனுடையது பொருந்தவில்லை. அன்றே எனக்கு போன் செய்தான். எப்படிப் பேசுவது என்று நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் தேவைப்படவில்லை.

"அண்ணே, மனச விட்டுடாதீங்க. நீங்க குடுக்கிறேன்னு சொன்னதே எனக்குப் போதும்ணே" என்றான்.

அவன் எனக்கு ஆறுதல் சொன்னான். ரத்தம் சுத்திகரிக்கும் நாற்காலியில் ஊசியோடு உட்கார்ந்துகொண்டு சொன்னான். நானும், "என்னடா பண்றது, விதி" என்றேன். சீ என்று ஆகிவிட்டது எனக்கு. ஆனாலும் மனைவியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. செட்டில் எல்லாரும் என்னைத் தட்டிக்கொடுத்தார்கள். சிங்கம் என்றவன், "மனசுதாம்பா முக்கியம்" என்று ஒரு பீர் வாங்கிக் கொடுத்தான். அதையும் குடித்தேன்.

பத்து நாள் கழித்துத் தங்கை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பெயர் கொடுத்த விஷயம் தெரிந்தது. யாருக்கும் அறிவிக்கவில்லை. அவள் கணவருக்கே, பரிசோதனைக்கு அரைநாள் விடுப்பு எடுத்தபோதுதான் சொல்லியிருக்கிறாள். அவர் வேண்டாம் என்று இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தார். பிறகு பசித்தது, சாப்பிட்டார்.

அவளுக்கும் ஒரு செட் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரியவந்தது. அவளுடைய அடுக்குமாடி புளோக்கில் தினமும் காலையில் சேர்ந்து நடக்கும் நாலு பெண்கள்: ஒரு மலாய்க்கார அக்கா, ஒரு சீன ஆண்ட்டி, தமிழ் வீட்டுக்காரர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருத்திகூட, "நீ சிங்கம்" என்று சொல்லவில்லை. "பயமா இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். "பயமா இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அப்படியா என்று கேட்டுக்கொண்டு ஒரு காகிதத்தை எடுத்து வேலையைப் பங்கு போட்டுவிட்டார்கள். ஒருத்தி சமையல், ஒருத்தி துணி, ஒருத்தி மருத்துவமனைக்குக் கூடப் போவது, ஒருத்தி ராத்திரித் துணை. அந்தக் காகிதம் அவள் வீட்டு ஐஸ்பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. தண்ணீர் குடிக்கப் போனவன் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இன்னொரு தாளில் இருந்தன, இருபத்திரண்டு. கடைசிக் கேள்வி, "குனிந்து கோலம் போடலாமா?"

அறுவை சிகிச்சை அன்று எங்கள் செட்டிலிருந்து ஆறு பேர் வந்திருந்தார்கள். வராந்தாவில் உரக்கப் பேசினார்கள். நடைக்கூட்டுப் பெண்கள் ஃபிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்து, ஆளுக்கொரு வேலையாகப் பார்த்துக்கொண்டு, வாய் பேசாமல் இருந்தார்கள். நான் இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தங்கைக்கு ஏதாவது ஆகிவிட்டால் கொன்றது நான்தான் என்ற நினைப்பு மணிக்கணக்காகப் போகவில்லை. மத்தியானம் டாக்டர் வந்து இரண்டு பேரும் நலம் என்றார். மறுநாள் தம்பிக்கு மூத்திரம் நன்றாகப் போகிறது என்று செய்தி வந்தது. ஒரு வீடே மூத்திரத்துக்காகக் கைதட்டியதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். நானும் தட்டினேன், அழுதேன்.

தம்பி தேறிவிட்டான். இப்போது எல்.ஆர்.டி. படிக்கட்டில் உட்காருவதில்லை. மசாலா தோசை சாப்பிடுகிறான், டாக்டர் சொன்ன அளவுக்கு. தங்கையும் இரண்டு மாதத்தில் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

அந்த வருடம் ஆடி மாதம் வந்ததும் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தங்கைக்காகத் தீ மிதிக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வேண்டிக்கொண்டு அதை வாட்ஸ்அப்பிலும் போட்டேன். பழக்கதோஷம்.

அப்போதுதான் தங்கை போன் செய்து, மறுபடியும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றாள். தையல் போட்ட நாட்களில் டாக்சியில் போய்வந்தபோது, வேகத்தடை மேட்டை ஓட்டுநர்கள் மதிக்காமல் ஏற்றியதில் உயிர் போய் உயிர் வந்ததாம். "நானே ஓட்டினா மெதுவா ஏத்தி இறக்குவேன்ல" என்றாள். புதிதாகப் பயில்நர் உரிமம் எடுத்துக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது பாடம். குவீன்ஸ்டவுனில் அதே மாதிரி ஒரு சிக்னல். வலது பக்கம் திரும்ப வேண்டும். பச்சை விழுந்துவிட்டது, அம்புக்குறி இல்லை, எதிரே வண்டிகள் வந்துகொண்டிருந்தன. இடையில் கொஞ்சம் இடம் கிடைத்தது, அவள் போகவில்லை. பின்னால் ஹாரன். இந்தத் தடவை நான் கத்தவில்லை.

சாலையைப் பார்த்தபடியே, "அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுண்ணே" என்றாள்.

"எந்தப் பொண்ணு?"

"ஆஸ்பத்திரில, தனி ரூம்ல வச்சு பேசுமே. கதவ சாத்திட்டு, வேணாம்னா இப்பவே சொல்லிடுங்க ஆண்ட்டி, வீட்ல பொருந்தலன்னு மட்டும் சொல்லிடுறோம்னு சொல்லிச்சு. உங்ககிட்டயும் அதத்தானே சொல்லிருக்கும்?"

சிக்னல் சிவப்பானது. ஹாரன் நின்றது. மறுக்கலாம் என்று வாயைத் திறந்தேன். "ம்" என்றுதான் வந்தது.

"பயமா இருந்துச்சா?"

"ம்."

"எனக்கும்தான்" என்றாள். "யோசிச்சு சொல்றேன்னு வெளிய வந்து டாய்லெட்ல வாந்தி எடுத்தேன். வாயக் கழுவிட்டு போயி சரின்னு சொல்லிட்டு வந்தேன்."

மறுபடி பச்சை விழுந்தது. எதிரே சாலை காலியாகும்வரை காத்திருந்து, பார்த்து, திருப்பினாள். நான் பிரேக்கைத் தொட வேண்டியிருக்கவில்லை. ஓரமாக நிறுத்தச் சொன்னேன், என்னால் அதற்குமேல் பாடம் நடத்த முடியவில்லை.

"தம்பிகிட்ட நான் சொல்லல, சொல்லவும் மாட்டேன்" என்றாள். "பயந்தது ஒரு தப்பில்லண்ணே. ஆனா எனக்காக நெருப்பு மிதிக்கிறேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. அது எனக்கு வேணாம்."

அந்த வருடம் நான் காப்புக் கட்டப் போகவில்லை. பதினாறு வருடத்தில் முதல் முறை. காப்புக் கட்டின மறுநாள் தங்கைக்குப் பாடம். ஒரு கார் நிறுத்துமிடத்தில் நின்றுகொண்டிருந்தோம். செட்டில் மூத்தவர் கூப்பிட்டார். போன் காரோடு இணைந்திருந்ததால் அவர் குரல் வண்டி முழுக்கக் கேட்டது.

"என்னப்பா, நீ காப்புக் கட்ட வரலியே? வேண்டுதல்னு வேற சொன்ன?"

தங்கை ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி வலிண்ணே" என்றேன். "டாக்டர் வேணாம்னுட்டாரு."

"அடடா. அப்ப கிட்னி, இப்ப முட்டி. உனக்கு மனசு இருக்கு, உடம்பு விட மாட்டேங்குது பாரேன். பாவம்லா நீ. உடம்பப் பாத்துக்க."

போன் அணைந்தது. தங்கை இடது கண்ணாடி, நடுக் கண்ணாடி, வலது கண்ணாடி என்று வரிசையாகப் பார்த்தாள். தோளுக்குப் பின்னாலும் திரும்பிப் பார்த்தாள்.

"உண்மைய சொன்னா உயிரா போயிடும்?" என்று கேட்டுவிட்டு, சிக்னல் போட்டு, காரை எடுத்தாள்.

தம்பியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.